சார், நட்சத்திரம் துடிக்குதுங்க!

கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் எடுக்கிறேன். எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு ஐன்ஸ்டைன் டூல்கிட் கற்றுத் தரச் சொல்லி வருடாவருடம் இரண்டு மூன்று பேராவது வருகிறார்கள். பொதுச் சார்பியல் சமன்பாடுகளைக் கணினியில் தீர்க்கும் திறமூல மென்பொருள் அது. காசு கிடையாது, நிரலை வரிவரியாகத் திறந்து படிக்கலாம். 2015இல் லைகோ என்ற ஈர்ப்பலை ஆய்வகம் பிடித்த கருந்துளை இணைவைத்தான் எல்லோருக்கும் முதலில் ஓட்டிப் பார்க்க ஆசை. அது லேப்டாப் தாங்குகிற வேலையில்லை. ஒற்றை நியூட்ரான் நட்சத்திரத்தில் தொடங்கச் சொல்வேன்.

போன வருடம் சென்னிமலைப் பையன் ஒருவன் ஓடி வந்தான். "சார், நட்சத்திரம் துடிக்குதுங்க!" அவன் காட்டிய வரைபடத்தில் மைய அடர்த்தி அலையலையாக ஏறி இறங்கியது. ஆனால் அவன் உள்ளே கொடுத்திருந்தது டோல்மன்–ஓப்பன்ஹைமர்–வோல்காஃப் சமன்பாட்டின் தீர்வு. ஈர்ப்பும் அழுத்தமும் சமமாகி அசையாமல் நிற்க வேண்டிய நட்சத்திரம் அது. யாரும் அதைத் தட்டவில்லையே, பின் எப்படித் துடிக்கும்?

தட்டியது கட்டம்தான், அதாவது கணினி கணக்குப் போடும் புள்ளிகளின் வலை. வழவழப்பான தீர்வை முப்பரிமாணக் கட்டத்தில் அடைக்கும்போது சிறு பிழை விழுகிறது. அந்தப் பிழை நட்சத்திரத்தை உலுக்கிவிடுகிறது. இதை விளக்க ஆரம்பித்ததும் அவனே சொன்னான்: "போர்வையில நூல் நெருக்கம் குறைஞ்சா பூவோட ஓரம் படிப்படியாத் தெரியுமுங்க, அந்த மாதிரியாங்க சார்?" அவன் வீட்டில் தறி ஓடுகிறது. நான் அரை மணி நேரம் பேசியிருந்தாலும் இவ்வளவு தெளிவாக வந்திருக்காது.

அதனால்தான் ஒரே ஒரு ஓட்டத்தின் படத்தை ஆய்வேட்டில் ஒட்டாதீர்கள் என்று கெஞ்சுகிறேன். மென்பொருள் பிழைச்செய்தி காட்டாமல் முடிந்தது என்பதால் விடை சரியாகிவிடாது. கட்டத்தின் மூன்று வெவ்வேறு நெருக்கங்களிலாவது ஓட்டுங்கள். ஹாமில்டோனியன் கட்டுப்பாடு (சரியான தீர்வில் பூஜ்யமாகவே இருக்க வேண்டிய கணக்கு) பூஜ்யத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது, கட்டம் நெருங்க நெருங்க அந்த விலகல் குறைகிறதா என்று பாருங்கள். நட்சத்திரத்தின் விளிம்பில் அது மெதுவாகத்தான் குறையும். அதற்குப் பயப்பட வேண்டாம். எந்தப் படத்துக்கு எந்த பாராமீட்டர் ஃபைல் (ஓட்டத்துக்கான உள்ளீடுகள் எழுதிய கோப்பு) என்பதையும் சேர்த்தே வையுங்கள்.

நேரம்தான் இடிக்கும். கட்டப் புள்ளிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியைப் பாதியாக்கினால் புள்ளிகள் 8 மடங்கு, காலப்படிகள் 2 மடங்கு, ஆக வேலை 16 மடங்கு. அவனை ஒன்றரை மடங்காக நெருக்கச் சொன்னேன். அப்போது ஏறத்தாழ 5 மடங்குதான். முதல் ஓட்டம் ஒரு மணி நேரம், அடுத்தது ஐந்து, மூன்றாவது ஒரு நாள். மூன்று கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டான். துடிப்பின் வீச்சு சுருங்கிக்கொண்டே வந்தது. அதிர்வெண் கிட்டத்தட்ட நகரவில்லை. வீச்சு கட்டம் கொடுத்தது, அதிர்வெண் நட்சத்திரத்துக்கே உரியது. ஆய்வேட்டில் அவன் அதிர்வெண்ணை மட்டும் எழுதினான்.