கொதித்த நீரை ஏன் ஆறவிடுகிறார்கள்?

கியோட்டோ நகரின் தெராமாச்சி தெருவில், 1717-இல் தொடங்கிய இப்போதோ என்ற தேயிலைக் கடை இருக்கிறது. கடையை ஒட்டியே கபோகு என்றொரு தேநீர் அறை. முழங்காலை மடித்து உட்கார்ந்து முறை தவறாமல் குடிக்கும் தேநீர்ச் சடங்கு இல்லை இது. கியோகுரோ என்ற உயர்தர ஜப்பானியப் பச்சைத் தேநீரைக் கேட்டால் இலை, வெந்நீர், சில கிண்ணங்கள், பக்கவாட்டில் பிடி நீட்டிக்கொண்டிருக்கும் கியூசு கெண்டி எல்லாம் மேசைக்கு வரும். போடும் விதத்தைப் பணியாளர் சொல்லித்தருவார். போட வேண்டியது நாம்தான்.

வெந்நீர் நேரே இலைமேல் போகாது. முதலில் ஒரு கிண்ணத்தில் ஊற்ற வேண்டும். அப்புறம் அதை இன்னொன்றுக்கு, பிறகு மற்றொன்றுக்கு. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் சுமார் 10 டிகிரி இறங்கும். வெப்பமானி தேவையில்லை, நீர் 60 டிகிரியை நெருங்கியதும் இலைமேல் ஊற்றி, ஒன்றரை நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் விட்டுவிட வேண்டும். டீ என்றால் தளதளவென்று கொதிக்க வேண்டும் என்று பழகிய நமக்கு இந்தப் பொறுமை புதிது. ஆனால் சுவையைத் தீர்மானிப்பதே இதுதான்.

இலைக்குள் முக்கியமாக மூன்று இருக்கின்றன. தியானின் முதலான அமினோ அமிலங்கள் உமாமி என்ற, சூப்பில் வருவதுபோன்ற நிறைவான சுவையும் மெல்லிய இனிப்பும் தருபவை. இவை வெதுவெதுப்பான நீரிலேயே எளிதாகக் கரைந்துவிடும். கசப்புக்குக் காஃபீன், துவர்ப்புக்குக் கேட்டச்சின்கள். இவை இரண்டும் தாராளமாக இறங்கச் சூடு வேண்டும். நாக்கு வறண்டதுபோல் இழுத்துப்பிடிக்கிறதே, அது கேட்டச்சின்கள் எச்சிலில் உள்ள புரதங்களைப் பற்றிக்கொள்வதால் வருவது. எச்சிலின் வழவழப்பு குறைந்துவிடுகிறது. ஆக, 60 டிகிரி நீர் தியானினை இழுத்துக்கொண்டு, மற்ற இரண்டில் பெரும்பகுதியை இலையிலேயே விட்டுவிடுகிறது.

கியோகுரோவில் தியானின் இவ்வளவு சேர்வதற்குத் தோட்டமே காரணம். தியானின் வேரில் உருவாகி இலைக்கு ஏறுகிறது. வெயில் பட்டால் அது சிதைந்து கேட்டச்சின்கள் உருவாகத் துணைபோகிறது. அதனால் பறிப்பதற்குச் சுமார் 20 நாள் முன்பே பந்தல் போட்டு, செடிக்கு வெயில் படாமல் மூடிவிடுகிறார்கள். வெளிச்சம் குறைந்த செடி பச்சையத்தைக் கூட்டிக்கொள்வதால் இலை கரும்பச்சையாகிறது. தியானினை ஆய்வாளர்கள் முதன்முதலில் 1949-இல் பிரித்தெடுத்ததும் கியோகுரோவிலிருந்துதான்.

பறித்த இலையை உடனே ஆவியில் காட்டிவிடுவார்கள். ஆக்சிஜனேற்றம் செய்யும் நொதி அதில் செயலிழந்துவிடுவதால் பச்சை நிறம் நிலைக்கிறது. ஆவியில் காட்டி, உருட்டி, உலர்த்தும் இந்த முறையை 1738-இல் உஜி வட்டாரத்து நாகதானி சோயென் செம்மைப்படுத்தினார் என்பார்கள். நீலகிரிக் கருந்தேயிலையில் அதே நொதியை வேலை செய்ய விடுகிறோம். கேட்டச்சின்கள் வேறு சேர்மங்களாக மாறுகின்றன. அந்த இலைக்குக் கொதிநீர்தான் சரி.

நேரம் ஆனதும் கெண்டியைக் கடைசிச் சொட்டு வரை வடிக்க வேண்டும். இதில் மட்டும் அவசரப்படக் கூடாது. சாறு மிக அடர்த்தியாக இருப்பது அந்தச் சொட்டுகளில்தான். நீர் மிச்சமிருந்தால் இலை ஊறிக்கொண்டே இருந்து அடுத்த சுற்றையும் கெடுக்கும். முதல் கிண்ணத்தில் சில மிடறுதான் இருக்கும். கொழகொழப்பாக, கிட்டத்தட்ட சூப் மாதிரி இருக்கும். பச்சைத் தேநீர் என்றாலே கசப்பு என்று ஒதுக்குகிறவர்கள் இதை ஒருமுறை குடித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இரண்டாம் சுற்றுக்கு நீரை அவ்வளவு ஆற்ற வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். இலை ஏற்கெனவே விரிந்துவிட்டது. சூடான நீர் இப்போது கேட்டச்சினையும் காஃபீனையும் இழுக்கும். அதே இலையிலிருந்து நறுக்கென்ற துவர்ப்பு வரும். எல்லாம் முடிந்த பிறகும் நீரில் கரையாத நார்ச்சத்து, பச்சையம், வைட்டமின் ஈ ஆகியவை இலையிலேயே இருக்கும். அதனால் ஜப்பானில் சிலர் நல்ல கியோகுரோ இலையைக் கீரைபோலப் பொன்சு என்ற புளிப்புச் சாஸ் ஊற்றி அப்படியே சாப்பிட்டுவிடுகிறார்கள்.