காற்றில்லாத நாளில் கரையேறும் கடல்

லட்சத்தீவின் மினிக்காயில் வானம் தெளிவாக இருக்கும், காற்று மெதுவாகவே வீசும் என்று வானிலைத் துறை சொல்லியிருந்த அதே நாளில், தாழ்வான கரைகளில் கடல்நீர் புகக்கூடும் என்று ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் கடல்சார் தகவல் மையம் எச்சரித்திருந்ததே, இரண்டில் எதை நம்புவது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டையுமே நம்பலாம். தீவுக்கு மேலே இருப்பது அன்றைய வானிலை. தீவின் கரையில் மோதுவதோ ஐந்தாறு நாட்களுக்கு முன்பு பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வீசிய காற்றின் விளைவு.

லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் ஆகிய மூன்றும் கடலடியில் தெற்கு வடக்காக ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் நீளும் ஒரே மலைத்தொடரின் மேல் வளர்ந்த பவளத் தீவுகள். மாலத்தீவில் மட்டும் ஏறக்குறைய 1,190 தீவுகள் உள்ளன. அவற்றில் இயற்கையாக அமைந்த மிக உயரமான இடம்கூட கடல்மட்டத்திலிருந்து இரண்டரை மீட்டரைத் தாண்டாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றும், நவம்பரிலிருந்து வடகிழக்குக் காற்றும் இங்கே ஆட்சி செய்கின்றன. நீரோட்டங்களும் அவற்றோடு சேர்ந்து திசை மாறுகின்றன. இவை பள்ளிப் பாடத்திலேயே உள்ளவை. மார்ச்சு முதல் மே வரையிலான இடைவெளியில் உள்ளூர்க் காற்று அடங்கி, கடல் கண்ணாடி போலத் தெரியும். தொலைவிலிருந்து வரும் அலைகள் தனியே புலப்படுவது அப்போதுதான்.

அவை பிறக்கும் இடம் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதி. தெற்கு அட்சரேகை 40 பாகைக்குக் கீழே காற்றை மறிக்க நிலமே இல்லாததால், மேற்குக் காற்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரம் தடையின்றிக் கடலை உரசிச் செல்கிறது. அங்கே ஒரு தாழ்வழுத்தம் நகராமல் இரண்டு மூன்று நாட்கள் தங்கி, அதன் காற்று வடக்கு நோக்கித் திரும்பிவிட்டால், பத்து மீட்டரையும் மிஞ்சும் அலைகள் எழுந்து தீவுகளின் திசையில் புறப்படுகின்றன. புயலின் உள்ளே இந்த அலைகளுக்கு எந்த ஒழுங்கும் கிடையாது. நீண்டவையும் குட்டையானவையும் ஒன்றோடொன்று மோதிக் கொந்தளிக்கும்.

புயலை விட்டு வெளியே வந்தபின் நடப்பதுதான் என்னை எப்போதும் வியக்கவைப்பது. காற்றில் எல்லா ஒலிகளும் ஒரே வேகத்தில் செல்கின்றன. ஆழ்கடலின் அலைகள் அப்படிச் செல்வதில்லை. அடுத்தடுத்த இரண்டு முகடுகள் ஓர் இடத்தைக் கடக்க ஆகும் நேரத்தை அலைவு நேரம் என்கிறோம். இது எவ்வளவு நீளமோ, அலையும் அவ்வளவு வேகம். அலைவு நேரம் 8 வினாடி என்றால் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே 100 மீட்டர்தான்; 20 வினாடி என்றால் 600 மீட்டருக்கும் மேல். முன்னது சுமக்கும் ஆற்றல் மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்திலும், பின்னது சுமப்பது 56 கிலோமீட்டர் வேகத்திலும் பயணம் செய்கின்றன. எனவே போகப்போக நீண்ட அலைகள் முன்னே செல்ல, நடுத்தரமானவை பின்தொடர, குட்டையானவை பின்தங்கிவிடுகின்றன. புயலின் குழப்பத்தில் கலந்து கிடந்தவற்றைத் தூரமே வகைபிரித்து வரிசையில் நிறுத்திவிடுகிறது.

மேலே சொன்ன வேகங்கள் முகடுகளின் வேகம் அல்ல, அலைக்கூட்டத்தின் வேகம் என்பதைக் கவனிக்க வேண்டும். அமைதியான குளத்தில் ஒரு கல்லை எறிந்து, விரியும் வளையக் கூட்டத்தில் ஒரே ஒரு வளையத்தை மட்டும் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். அது கூட்டத்தின் பின்விளிம்பில் முளைத்து, நடுவில் உயர்ந்து, முன்விளிம்பை எட்டியதும் தேய்ந்து மறையும். அதற்குள் பின்னால் இன்னொன்று முளைத்திருக்கும். ஒவ்வொரு முகடும் கூட்டத்தைப் போல இருமடங்கு வேகத்தில் ஓடினாலும், ஆற்றல் கூட்டத்தோடுதான் வருகிறது. தென்கடலிலிருந்து கிளம்பிய எந்த முகடும் மினிக்காய்க்கு வந்து சேர்வதில்லை. வழியில் எண்ணற்ற முகடுகள் தோன்றி மறைந்து, ஆற்றலை மட்டும் கைமாற்றி அனுப்புகின்றன.

இந்த வரிசை கையில் இருந்தால், கரையில் நின்றபடியே புயலின் தொலைவைக் கணக்கிட்டுவிடலாம். முதலில் 20 வினாடி அலைகள் வருகின்றன என்று கொள்வோம். 25 மணி நேரம் கழித்து அது 16 வினாடியாகக் குறைந்திருந்தால், புயல் ஏறத்தாழ 5,600 கிலோமீட்டர் தூரத்தில் இருந்திருக்க வேண்டும். அதே மாற்றம் பன்னிரண்டரை மணி நேரத்திலேயே நிகழ்ந்தால் தூரமும் பாதி. தூரம் தெரிந்துவிட்டால் அலைகள் புறப்பட்ட நாளும் தெரிந்துவிடும். அமெரிக்கக் கடலியலாளர் வால்டர் மங்க் இந்த முறையைக் கொண்டுதான், மெக்சிகோவை அடுத்த குவாடலூப் தீவில் பதிவான மெல்லிய அலைகள் இந்தியப் பெருங்கடலில் பிறந்தவை என்று 1950களில் கண்டறிந்தார். 1963இல் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை அளவீட்டு நிலையங்களை அமைத்து, அண்டார்க்டிகாவை ஒட்டிய புயல்களின் அலைகள் பசிபிக் முழுவதையும் மிகக் குறைந்த இழப்போடு கடப்பதைக் காட்டினார்.

2007 மே மாதம் தென்னாப்பிரிக்காவுக்குத் தெற்கே உருவான புயலின் அலைகள் 12ஆம் தேதி ரீயூனியன் தீவின் தென்கரையைத் தாக்கின. 15ஆம் தேதியிலிருந்து மாலத்தீவின் பல தீவுகளில் வீடுகளுக்குள் கடல்நீர் புகுந்தது. அங்கே புயலும் இல்லை, நிலநடுக்கமும் இல்லை.

நடுக்கடலில் இருக்கும் படகுக்கு இந்த அலை பெரும்பாலும் தெரியாது. ஓரிரு மீட்டர் உயரம் அரைக் கிலோமீட்டர் நீளத்தில் பரவியிருப்பதால், படகு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். மெல்லச் சரியும் கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி, உள்ள கரையில் அது அலையைப் படிப்படியாகத் தடுக்கும். பவளத் தீவோ ஆழத்திலிருந்து செங்குத்தாக எழுவதால், அலை தன் ஆற்றலைப் பெரிதும் இழக்காமலே பாறைத்திட்டின் விளிம்பை அடைந்து, அங்கே உயர்ந்து உடைகிறது. உடையும் அலைகள் நீரைத் தொடர்ந்து உள்ளே தள்ள, திட்டுக்கும் கரைக்கும் இடையே நீர்மட்டமே உயர்ந்துவிடுகிறது. பெரிய அலைகள் கூட்டமாக வருவதால் இந்த உயர்வும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். கரையில் நிற்பவருக்கு, சற்று நேரம் அடங்கிக் கிடந்த கடல் சட்டென்று தெருவுக்குள் நடந்து வருவதாகத் தோன்றும். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவரின் உயிரைப் பறித்ததும் தெற்கிலிருந்து வந்த இத்தகைய அலைகளே. கேரளத்து மீனவர்கள் கள்ளக்கடல் என்று அழைப்பதும் இதைத்தான். அலை உயர எச்சரிக்கை அதற்கு முன்பே வெளியாகியிருந்தது என்பது நெஞ்சைச் சுடுகிறது.

இப்படி நிகழும்போதெல்லாம் கோள்கள் நேர்கோட்டில் வந்ததால் கடல் பொங்கியது என்று ஒரு செய்தி கைபேசிகளில் சுற்றத் தொடங்குகிறது. நிலவுக்கு இதில் பங்கு உண்டு: முழுநிலவு, அமாவாசை நாட்களின் உயர் ஓதத்தோடு, அதாவது நிலவின் ஈர்ப்பால் கடல்மட்டம் உயரும் நேரத்தோடு, அலைகள் சேர்ந்து வந்தால் நீர் மேலும் உள்ளே வரும். கோள்களுக்குப் பங்கில்லை. நமக்கு மிக அருகே வரும் வெள்ளியின் ஓத விசை நிலவினுடையதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்தப் பொய்யைப் பரப்புவோரை நான் கடுமையாகவே குறைகூறுவேன். அது உண்மையான எச்சரிக்கையின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

அலைகள் வந்து சேர நான்கு முதல் ஆறு நாட்கள் ஆவதால், முன்னறிவிக்க இயற்கையே நமக்கு அவகாசம் தருகிறது. செயற்கைக்கோள்கள் அலை உயரத்தை அளந்தாலும் ஒரே இடத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அதைச் செய்ய, கடலில் மிதந்தபடியே அலைகளை அளக்கும் அலைமிதவைகள் வேண்டும். இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியிலோ அவை மிகக் குறைவு. ஒரு மிதவையைப் பல ஆண்டுகள் பழுதின்றிப் பராமரிப்பது செய்தித்தாளில் படமாக வரும் வேலையல்ல. ஆனாலும் புதிய கருவிகளின் தொடக்க விழாக்களுக்கு ஆகும் செலவை விட, பழைய கருவிகளின் பராமரிப்புக்குத் தரப்படும் நிதியே தீவுகளுக்கு அதிகம் உதவும் என்பது என் உறுதியான கருத்து.

தீவுவாசிகள் முன்னறிவிப்பில் அலை உயரத்தோடு அலைவு நேரத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு மீட்டரும் 18 வினாடியும் சேர்ந்த அலை, அதே உயரமுள்ள 8 வினாடி அலையைக் காட்டிலும் மிக அதிகமான நீரைக் கரையேற்றும். மற்றதைப் பவளப்பாறை தீர்மானிக்கிறது. பவளத்திட்டுகள் அலையாற்றலில் சராசரியாக 97 விழுக்காட்டைத் தடுப்பதாக 2014இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு கணக்கிட்டது. 1998, 2016, 2024 ஆண்டுகளின் வெப்பத்தில் வெளுத்து இறந்த பவளங்கள் நொறுங்கும்போது திட்டின் சொரசொரப்பு குறைகிறது, கடல்மட்ட உயர்வு அதன் மேல் நீரை ஆழமாக்குகிறது. திட்டைத் தாண்டி வரும் அலையின் உயரம் அந்த நீராழத்தில் ஏறத்தாழப் பாதியளவே இருக்க முடியும் என்பதால், ஆழம் கூடும் ஒவ்வொரு பத்து சென்டிமீட்டரும் கரையை அடையும் அலைக்கு ஐந்து சென்டிமீட்டர் உயரத்தைக் கூட்டித் தருகிறது.