‘முறையற்ற கற்றல்’ என்று எழுதாதீர்கள்

‘ஆசிரியர்கள் சமூக ஊடகங்கள் வழியே மேற்கொள்ளும் முறையற்ற தொழில்முறைக் கற்றல்.’ ‘இன்ஃபார்மல்’ (informal) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘முறையற்ற’ என்று போட்டிருந்த இந்த வரியை ஒரு பயிற்சிக் கையேட்டின் மொழிபெயர்ப்பில் முதலில் பார்த்தபோது அச்சுப்பிழை என்று கடந்துவிட்டேன். பிறகு ஒரு கருத்தரங்கில் காதால் கேட்டேன். போன வாரம் ஒரு கட்டுரைத் தலைப்பிலேயே வந்துவிட்டது. முறையற்ற உறவு, முறையற்ற வழியில் சேர்த்த பணம் என்று சொல்லும் அதே சொல்லை, இரவில் கண்விழித்துப் படிக்கும் ஆசிரியர்மீதா ஏற்றுவது?

மூலச் சொல்லின் கதை சிறியது. லத்தீனில் ‘ஃபோர்மா’ என்றால் வடிவம், அச்சு. அச்சில் அடங்காதது இன்ஃபார்மல். கல்வி ஆய்வாளர்கள் பிலிப் கூம்ஸ், மன்சூர் அகமது இருவரும் 1974-இல் கல்வியை மூன்றாக வகுத்தார்கள்: வகுப்பு வகுப்பாக ஏறிச் செல்லும் பள்ளிக் கல்வி ஃபார்மல், பள்ளிக்கு வெளியே, ஆனால் திட்டமிட்டு நடத்துவது நான்ஃபார்மல், அன்றாட அனுபவத்தில் வாழ்நாள் முழுதும் சேர்வது இன்ஃபார்மல்.

தமிழ் ‘முறை’ வெறும் வடிவம் அல்ல. ‘முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்’ என்ற குறளில் அது நீதி. முறைமாமனில் உறவு. முறையிடுகிறோம் என்றால் நியாயம் கேட்கிறோம். இப்படிப்பட்ட சொல்லோடு ‘அற்ற’ சேர்ந்தால் அறமே போய்விடுகிறது.

‘அப்படியானால் முறைசாராக் கற்றல் என்போம்’ என்கிறார்கள். காதுக்கு உறுத்தாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முறைசாராக் கல்வி என்ற பெயர் நான்ஃபார்மலுக்கு எப்போதோ போய்விட்டது. முதியோருக்கான மாலைநேர எழுத்தறிவு வகுப்பை நினைத்துப் பாருங்கள்: நடத்துபவர் இருக்கிறார், பாடநூல் இருக்கிறது, நேரமும் குறித்தாயிற்று. இன்ஃபார்மலில் இவை எதுவும் இல்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் கூம்ஸ் பிரித்த மூன்று தமிழில் இரண்டாகச் சுருங்கிவிடும்.

‘தற்செயல் கற்றல்’ என்பது இன்னொரு பரிந்துரை. அதுவும் பொருந்தாது. எதிர்மறை எண்களை எப்படித் தொடங்குவது என்று ஒரு கணித ஆசிரியை வாட்ஸ்அப் குழுவில் இரவு ஒன்பது மணிக்குக் கேட்கிறார். ஒருவர் கரும்பலகையில் வரைந்த வெப்பமானியின் படத்தை அனுப்புகிறார். இன்னொருவர், தரைத்தளத்துக்குக் கீழே இறங்கும் லிஃப்டைச் சொல்லிப் பாருங்கள் என்கிறார். மறுநாள் வகுப்பில் லிஃப்ட் கைகொடுக்கிறது. சான்றிதழ் இல்லை, வருகைப் பதிவேடு இல்லை. ஆனாலும் அவர் தேடிப் போய்க் கற்றிருக்கிறார். தற்செயல் எங்கே இருக்கிறது?

இதற்குப் பழந்தமிழில் பெயரே உண்டு: கேள்வி, அதாவது பிறரிடம் கேட்டுக் கற்பது. வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வைத்து, கேள்விக்குத் தனியாக இன்னொன்று வைத்தார். ‘கல்வி கேள்விகளில் சிறந்தவர்’ என்று இன்றும் சொல்கிறோம். ஆனால் கேள்வி என்றதும் இப்போது வினாத்தாள்தான் நினைவுக்கு வருகிறது, மனமில்லாமல்தான் விட்டுவிடுகிறேன். என் தேர்வு ‘இயல்புவழிக் கற்றல்’. பேச்சிலும் பழக்கத்திலும் தேடலிலும் அமைவது என்பதை அது சொல்லிவிடுகிறது; யாரையும் குற்றவாளி ஆக்குவதில்லை.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்கு உள்ள வருத்தம் இதுதான்: ‘இன்’ என்ற முன்னொட்டைக் கண்டதும் ‘அற்ற’ என்று ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். இன்ஃபார்மல் கடிதத்தைப் பள்ளிப் பாடநூல்கள் ‘உறவுமுறைக் கடிதம்’ என்றன. முறையை நீக்காமல், எந்த முறை என்று சொன்னார்கள். எழுதியவர் அங்கே அகராதியை மூடிவிட்டு, கடிதம் யாருக்குப் போகிறது என்று பார்த்திருக்கிறார்.

‘தொழில்முறை’யும் இங்கே வேண்டாம், முறையற்ற, தொழில்முறை என்று அடுத்தடுத்து வந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. அந்தத் தலைப்பை நான் இப்படித் திருத்துவேன்: ‘சமூக ஊடகங்களில் ஆசிரியர்களின் பணிசார்ந்த இயல்புவழிக் கற்றல்.’