ஹிப்னாடிசம்: வசியமா, துயிலா?

காவேரிப்பட்டணம் மயானக் கொள்ளை பார்த்துவிட்டுத் திரும்பும்போது தங்கை மகன் கேட்டான்: "மாமா, சாமி வந்து ஆடறவங்களுக்கு நினைவே வேற மாதிரி ஆயிடுமா? ஹிப்னாடிசமும் அப்படித்தானா?" உளவியல் படிக்கிறான். நோட்டில் ஹிப்னாடிசத்துக்கு 'மனோவசியம்' என்று எழுதியிருந்தான்.

அந்தச் சொல் வேண்டாம் என்றேன். வசியம் வடசொல், பிறரைத் தன் பிடிக்குள் கொண்டுவருவது. தருமபுரிப் பக்கம் வசிய மை, வசிய மருந்து என்றாலே ஆளை அவர் விருப்பத்துக்கு மாறாகக் கட்டிப்போடுவதுதான் நினைவுக்கு வரும். கோவாவில் பிறந்த பாதிரியார் அபே ஃபரியா, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸிலேயே இதை மறுத்தார்: ஆற்றல் செய்பவரிடம் இல்லை, உட்படுபவரின் மனதில் இருக்கிறது.

சரி, மூலச்சொல்? ஹிப்னோஸ் கிரேக்கரின் உறக்கத் தெய்வம். மான்செஸ்டரில் இருந்த அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு 1843இல் வெளியிட்ட நூலால் இந்தப் பெயர் பரவியது. அப்புறம் அவருக்கே அது உறுத்தியது. இது தூக்கமல்ல, ஒரே எண்ணத்தில் மனம் குவிவது என்று கண்டு வேறு பெயர் வைத்துப் பார்த்தார். பழைய பெயர் ஊன்றிவிட்டிருந்தது. ஹிப்னாடிசத்தின்போது மூளை அலைகளும் உறங்குபவருடையதைப் போல இருப்பதில்லை, விழித்திருப்பவருடையதைப் போலவே இருக்கின்றன.

அப்படியானால் அது தனி நனவுநிலையா? உளவியலாளர் எர்னஸ்ட் ஹில்கார்டு ஆம் என்ற பக்கம்: மனதின் ஒரு பகுதி பிரிந்து இயங்குகிறது என்றார். இன்னொரு உளவியலாளர் தியோடர் சார்பின் 1950இல் வேறு மாதிரி சொன்னார்: எதிர்பார்ப்பும் கற்பனையும் சேர, தனக்குரிய பாத்திரத்தில் ஆள் முழுதாக இறங்கிவிடுகிறார், தனி நிலை தேவையில்லை. 1997இல் வந்த ஓர் ஆய்வில், ஹிப்னாடிசத்தின்போது வலியின் வேதனையைக் கூட்டியும் குறைத்தும் சொன்ன யோசனைக்கு ஏற்ப மூளையின் ஒரு பகுதியின் இயக்கம் மாறியது. ஆகவே நடிப்பென்று ஒதுக்க முடியாது. ஆனாலும் சொல்லுக்கு அவ்வளவு வலு உண்டு என்பதற்குத்தான் அது சான்று. தனி நிலைக்கு அதுவே சான்றாகிவிடாது.

தமிழில் எனக்குப் பொருத்தமாகப் படுவது 'அறிதுயில்'. பாற்கடலில் பெருமாள் கொள்வது அதுதான்: கண் மூடியிருக்கும், அறிவு விழித்திருக்கும். வினைத்தொகை என்பதால் அறிந்த, அறிகிற, அறியும் துயில் எல்லாம் அதற்குள் அடங்கும். 'துயில்' என்பதில் பிரெய்டின் பிழை ஒட்டியிருந்தாலும் முன்னால் நிற்கும் 'அறி' அதைத் திருத்திவிடுகிறது.

வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும். 'அறிதுயிலில் ஆழ்த்தினார்' என்றால் வசியம் திரும்பவும் வந்துவிடும். 'அறிதுயில் கொண்டார்' என்று எழுதச் சொன்னேன்.