வெளிநாட்டு வாசத்தின் பாதியில் வரும் தவிப்பு

காரைக்குடியில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து என்னிடம் பேசுகிறவர்களில் போன புதிதில் கூப்பிடுகிறவர்கள் குறைவு, ஊர் திரும்புகிற நேரத்தில் கூப்பிடுகிறவர்கள் அதைவிடக் குறைவு. இரண்டு வருஷப் பெர்மிட்டில் சிங்கப்பூர் போன தம்பிக்கு ஒரு வருஷம் தாண்டும்போதும், மகள் பிரசவத்துக்காக ஆறு மாதம் அமெரிக்கா போன ஆச்சிக்கு மூன்றாவது மாதத்திலும்தான் பேச ஆள் தேவைப்படுகிறது.

ஆச்சிமார் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, பத்தியச் சமையல், சாம்பிராணி போட்டால் புகை அலாரம் அலறும் என்று ஜன்னலைத் திறந்துவைத்துப் போடுவது என்று முதல் இரண்டு மாதம் ஓடிவிடும். மகள் வேலைக்குத் திரும்பியதும் வீடு அமைதியாகிவிடுகிறது, கார் ஓட்டத் தெரியாது, தெருவில் பேச ஆளில்லை. "பேத்தி மடியில கிடக்கும்போது ஊருக்குப் போகணும்போல இருக்கு, டிக்கெட் பேச்செடுத்தா இவளை விட்டுட்டு எப்படிப் போறதுன்னு அழுகை வருது, எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று கேட்கிறார்கள். இல்லை ஆச்சி. இரண்டு ஆசையும் நிஜம், ஒன்று இன்னொன்றைப் பொய்யாக்காது.

அமெரிக்கா போய்வந்த நார்வேக்காரர்களை ஆராய்ந்த லிஸ்கார்ட் என்ற சமூகவியலாளர், ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்களையும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் தங்கியவர்களையும்விட இடைப்பட்ட காலம் தங்கியவர்களே அதிகம் சிரமப்பட்டதாக 1955-லேயே எழுதினார். எல்லோருக்கும் அப்படியே நடப்பதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன, அதுவும் சரிதான்.

சிங்கப்பூர்த் தம்பிகளிடம் நான் பார்ப்பது வேறு. ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் அடையும்வரை உடம்பும் மனசும் அதன் பின்னாலேயே ஓடுகின்றன. கடன் முடிந்த மாதம் சந்தோஷப்பட வேண்டியவன், ஞாயிற்றுக்கிழமை நம்மாட்கள் கூடுகிற தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம்கூடப் போகாமல் டார்மிட்டரியில் படுத்தே கிடக்கிறான். அந்த நேரம் பார்த்து, முத்துமாரியம்மன் கோயில் பால்குடத்தை வீட்டில் பாசமாக வீடியோ காலில் காட்டுவார்கள். "சூப்பர்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தவன் ராத்திரி முழுக்கத் தூங்கமாட்டான்.

பர்மாவுக்கும் மலாயாவுக்கும் மூன்று வருஷக் கணக்குக்குப் போன நம்மூர்ச் செட்டியார்களில் பலர் குடும்பத்தை இங்கே விட்டுத்தான் போனார்கள். ஆனால் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில், தொழிலும் தங்கலும் ஒன்றாக நடந்த கிட்டங்கியில் ஒரே கூரையின்கீழ் நம்மூர் ஆட்களோடு இருந்தார்கள், 1859-லேயே டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணிக்குக் கோயிலும் கட்டிக்கொண்டார்கள். கூடி இருப்பதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதை அவர்கள் செலவாகப் பார்க்கவில்லை. இன்றைக்குப் போகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதும் அதுதான்: வாரம் ஒருநாள் நேரில் யாரைப் பார்க்கிறீர்கள்? கோயிலோ நூலகமோ பூங்காவோ, எதுவானாலும் சரி, போன் திரையில் இல்லாத ஒரு முகம் வேண்டும். அப்புறம், ஊருக்குப் பேசி முடித்த ராத்திரியில் வேலையை விடுவதா, டிக்கெட்டை மாற்றுவதா என்று முடிவெடுக்காதீர்கள். இரண்டு வாரம் கழித்தும் அதே எண்ணம் இருந்தால் அப்போது யோசிக்கலாம். ஆனால் சம்பளம் தராமல் இழுத்தடிப்பது, அடிப்பது, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வது என்றால் அது மனப் பிரச்சினையே இல்லை, உடனே இந்தியத் தூதரகத்துக்குப் போக வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: "எப்ப வர்ற?" என்று ஒவ்வொரு அழைப்பிலும் கேட்காதீர்கள். அவர்கள் புலம்பினால் "வந்துரு" என்றோ "பொறுத்துக்க" என்றோ பாதியில் வெட்டாமல் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ கெட்டிருந்தால், எதிலும் பிடிப்பில்லை என்றால், அது ஊர் ஏக்கத்தைத் தாண்டிவிட்டது, அங்கேயே மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்ற பேச்சு வந்தால் ஒருநாளும் தள்ளிப்போடாமல், அங்கே பக்கத்தில் இருக்கும் ஒருவரை உடனே அவர்களிடம் அனுப்புங்கள், அந்த நாட்டின் அவசர எண்ணுக்கும் சொல்லச் சொல்லுங்கள். என்ன செய்வதென்று உங்களுக்கே கைகால் ஓடாவிட்டால் இங்கிருந்து 14416-க்குக் கூப்பிடலாம். அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவை அது, தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.