'பெரும்பாலும்' என்று எழுதுவதற்கு முன்: சட்டப் படிப்பில் தரவுவழி ஆய்வின் இடம்

சட்ட முதுநிலை மாணவர் ஒருவர் பிணை பற்றிய தம் ஆய்வேட்டின் வரைவை என்னிடம் கொண்டுவந்தார். "நீதிமன்றங்கள் பெரும்பாலும் பிணை வழங்குவதில் தாராளமாகவே நடந்துகொள்கின்றன" என்பது அதில் அவர் கண்டிருந்த முடிவு. தீர்ப்புத் தொகுப்புகளில் வெளியான 60 தீர்ப்புகளை அவர் படித்திருந்தார். படித்தவற்றைச் சரியாகவே புரிந்துகொண்டுமிருந்தார். ஆயினும் அந்த வாக்கியத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நான் நடத்திய பிணை மனுக்களில் ஒன்றுகூடத் தொகுப்பில் இடம்பெற்றதில்லை. அத்தனையும் ஒரு பத்தி உத்தரவோடு வழக்குக் கட்டுக்குள் போய்விட்டவை. அந்தக் கட்டுகளைப் பார்க்காமல் 'பெரும்பாலும்' என்று எப்படி எழுதுவது?

சட்டம் படித்தவர்களாகிய நம்மிடம் ஆழமாக வேரூன்றிய பழக்கம் இது. சட்டப் பிரிவையும் முன்தீர்ப்பையும் பொருள்கொண்டு விளக்கும் கோட்பாட்டு ஆய்வில் நாம் நன்கு பயிற்சி பெற்றிருக்கிறோம். சட்டம் என்ன சொல்கிறது என்ற கேள்விக்கு அதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் அந்தச் சட்டம் மனிதர்களிடம் வந்து சேரும்போது என்ன நடக்கிறது என்ற கேள்விக்கு விடை நூலகத்தில் கிடைக்காது. ஏட்டில் உள்ள சட்டம் வேறு, நடைமுறையில் இயங்கும் சட்டம் வேறு என்ற வேறுபாட்டை அமெரிக்கச் சட்ட அறிஞர் ரோஸ்கோ பவுண்ட் 1910-இலேயே எடுத்துக்காட்டினார். நீதிமன்றப் பதிவேடுகள், நேர்காணல், வினாநிரல், விசாரணையை நேரில் அமர்ந்து கவனித்தல், பரிசோதனை ஆகியவற்றால் அந்த இரண்டாவது சட்டத்தை அறிய முயல்வதே தரவுவழி ஆய்வு.

நீதிமன்றத்துக்குள் தரவு நுழைந்த கதையைச் சொல்பவர்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1908-ஆம் ஆண்டு முல்லர் எதிர் ஓரிகன் வழக்கிலிருந்துதான் பெரும்பாலும் தொடங்குவார்கள். பெண்களின் வேலை நேரத்தை நாளொன்றுக்கு 10 மணி நேரமாக வரையறுத்த சட்டம் செல்லுமா என்பது வழக்கு. அதை ஆதரித்து வழக்கறிஞர் லூயிஸ் பிராண்டைஸ் தாக்கல் செய்த, 100 பக்கங்களுக்கு மேற்பட்ட எழுத்துவாதத்தில் சட்ட வாதம் இரண்டு பக்க அளவே இருந்தது. எஞ்சியவை தொழிற்சாலை ஆய்வாளர்களும் மருத்துவர்களும் அளித்த அறிக்கைகள். அவற்றைத் திரட்டுவதில் சமூகச் சீர்திருத்தவாதி ஜோசஃபின் கோல்ட்மார்க்கின் உழைப்பு பெரிது. சட்டம் செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. எனினும் அந்த ஆவணத்தை ஆய்வுக்கு முன்மாதிரியாகக் கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. தம் கட்சிக்காரருக்குச் சாதகமானவற்றை மட்டும் தொகுப்பது வழக்கறிஞரின் கடமை. ஆய்வாளரோ தம் முடிவுக்கு எதிரான சான்றையும் தேடிப் போக வேண்டியவர். வழக்காடுவதிலிருந்து ஆய்வுக்கு வருபவர்கள் முதலில் தடுமாறுவது இந்த இடத்தில்தான். நானும் தடுமாறியிருக்கிறேன்.

நம் கைக்கு வந்த வழக்குகள் எந்த வழியாக வந்தன என்று கேட்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. யார் வெல்வார் என்பது இரு தரப்புக்கும் தெளிவாகத் தெரியும் பிணக்குகள் சமரசத்தில் முடிந்துவிட, முடிவு நிச்சயமில்லாதவையே தீர்ப்பு வரை நீடிக்கின்றன என்று அமெரிக்க அறிஞர்களான ஜார்ஜ் பிரீஸ்ட், பெஞ்சமின் கிளைன் இருவரும் 1984-இல் வாதிட்டனர். அவர்களுடைய கோட்பாட்டை அப்படியே ஏற்காதவர்களும் ஒன்றை மறுக்க மாட்டார்கள்: தீர்ப்பான வழக்குகளில் வாதிகள் எத்தனை சதவீதம் வென்றார்கள் என்று எண்ணிவிட்டு, அதை எல்லாப் பிணக்குகளுக்கும் பொருத்திப் பேச முடியாது. மேல்முறையீட்டுத் தீர்ப்புகளை மட்டும் படிப்பவருக்கு இந்தச் சிக்கல் இன்னும் கடுமையாகிறது. மேல்முறையீடு செய்யப் பணமும் பொறுமையும் இல்லாதவர்கள் அவர் கண்ணிலேயே படுவதில்லை.

எண்ணிக்கை கையில் இருந்தாலும் இதே கவனம் தேவை. இஸ்ரேலின் பரோல் குழுக்கள் அளித்த 1,112 முடிவுகளை ஆராய்ந்து 2011-இல் வெளியான கட்டுரை உலகெங்கும் பேசப்பட்டது. அமர்வின் தொடக்கத்தில் ஏறத்தாழ 65 சதவீதமாக இருந்த சாதகமான முடிவுகள் அமர்வின் இறுதியில் பூச்சியத்தை நெருங்குவதாகவும், உணவு இடைவேளைக்குப் பின் மீண்டும் உயர்வதாகவும் அது கூறியது. நீதிபதிகளின் களைப்பும் பசியுமே காரணம் என்று பலரும் எடுத்துக்கொண்டார்கள். வழக்குகள் எந்த வரிசையில் அழைக்கப்படுகின்றன என்று விசாரித்த வேறு ஆய்வாளர்கள், வழக்கறிஞர் இல்லாத கைதிகளின் மனுக்கள் அமர்வின் கடைசியில் எடுக்கப்படுவது வழக்கம் என்பதைச் சுட்டிக்காட்டினர். அத்தகைய மனுக்கள் தோற்கும் வாய்ப்பு முன்பே அதிகம் என்பதால், சரிவுக்குக் களைப்பைக் காரணமாகக் காட்டுவது அத்தனை எளிதாக இல்லாமற் போனது. வழக்குப் பட்டியல் எப்படித் தயாராகிறது என்பதை நீதிமன்றத்தில் நின்றவர்கள் அறிவார்கள். புள்ளியியல் தெரிந்தவரும் சட்ட நடைமுறை தெரிந்தவரும் சேர்ந்து உட்கார வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகவே.

குறுக்கு விசாரணை செய்பவர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய பரிசோதனை ஒன்று உண்டு. உளவியல் ஆய்வாளர்களான எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974-இல் 150 மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படக்காட்சியைக் காட்டினர். கார்கள் 'இடித்தபோது' என்ன வேகத்தில் சென்றன என்று 50 பேரிடமும், 'நொறுங்க மோதியபோது' என்ன வேகம் என்று 50 பேரிடமும் கேட்டனர். மீதி 50 பேரிடம் வேகத்தைப் பற்றிக் கேட்கவேயில்லை. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று அனைவரிடமும் கேட்கப்பட்டது. படக்காட்சியில் உடைந்த கண்ணாடி இல்லை. 'இடித்தபோது' என்ற சொல்லைக் கேட்டவர்களில் 7 பேரும், 'நொறுங்க மோதியபோது' என்பதைக் கேட்டவர்களில் 16 பேரும் பார்த்ததாகச் சொன்னார்கள். கேள்வியின் ஒரு வினைச்சொல் சாட்சியின் நினைவையே மாற்றக்கூடும் என்பதை எந்த முன்தீர்ப்பை வாசித்தும் நாம் கண்டுபிடித்திருக்க முடியாது.

சான்று வலுவாக இருந்தும் நீதிமன்றம் அதை ஏற்காத நிலையும் வரும். மரண தண்டனை விதிக்கப்பட்ட கறுப்பினத்தவரான மெக்கிளஸ்கி தொடுத்து, 1987-இல் தீர்ப்பான மெக்கிளஸ்கி எதிர் கெம்ப் வழக்கில், சட்டப் பேராசிரியர் டேவிட் பால்டஸ் குழுவினரின் ஆய்வு முன்வைக்கப்பட்டது. ஜார்ஜியா மாநிலத்தின் 2,000-க்கும் மேற்பட்ட கொலை வழக்குகளை ஆராய்ந்த அவர்கள், இனம் சாராத பல காரணிகளைக் கணக்கில் கொண்ட பிறகும், கொல்லப்பட்டவர் வெள்ளையராக இருந்தால் மரண தண்டனைக்கான வாய்ப்பு 4.3 மடங்காக இருந்ததைக் கண்டனர். ஆய்வு சரியானது என்றே வைத்துக்கொண்டாலும் இந்த மனுதாரருக்குப் பாகுபாடு இழைக்கப்பட்டதை அது நிறுவவில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் மனுவை நிராகரித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி லூயிஸ் பவல், ஓய்வுபெற்ற பின், தம் வாக்கை மாற்ற விரும்பும் வழக்காக இதையே குறிப்பிட்டார். அவர் சொன்னது வெளியுலகுக்குத் தெரியவந்தபோது மெக்கிளஸ்கிக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டிருந்தது. இந்த வழக்கை மாணவர்களிடம் விளக்கும் ஒவ்வொரு முறையும் என் மனம் கனக்கிறது.

அந்த மாணவரின் ஆய்வுக்குத் திரும்புகிறேன். தொகுப்புகளை மூடிவைத்துவிட்டு, ஒரே ஒரு நீதிமன்றத்தின் ஓராண்டுப் பிணை உத்தரவுகள் முழுவதையும் அனுமதி பெற்றுப் பார்த்தோம். ஒவ்வோர் உத்தரவிலும் எதைக் குறிக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்து, இருவர் தனித்தனியே படித்துக் குறித்தார்கள். 'காரணம் கூறப்பட்டுள்ளதா' என்ற எளிய கேள்வியிலேயே அவர்கள் அடிக்கடி முரண்பட்டதால், காரணம் என்றால் என்ன என்று வரையறுத்துவிட்டு முதலிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. பிணை கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் சிறையிலேயே இருந்தவர்கள் உண்டு என்பது அந்தக் கட்டுகளில்தான் தெரிந்தது. அவர்களிடம் பேசும்போது, மறுத்தால் தம் வழக்குக்குக் கேடு வருமோ என்ற அச்சத்தில் சம்மதிக்கிறார்களா என்று ஒவ்வொருவரிடமும் நிதானமாகக் கேட்டோம், தயங்கியவர்களை விட்டுவிட்டோம். இறுதி ஆய்வேட்டில் 'நீதிமன்றங்கள் பெரும்பாலும்' என்ற தொடர் இல்லை. 'இந்த நீதிமன்றத்தில், இந்த ஆண்டில்' என்று அந்த வாக்கியம் தொடங்கியது.