ரசத்துக்கு ஏன் பொழிப்புரை?

கோலாலம்பூரில் ஆங்கிலக் கதைகளுக்குப் பிரதி திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. போன மாதம் கிள்ளானிலிருந்து ஒரு பெண் தன் முதல் நாவலோடு வந்தாள். மூன்றாம் பக்கத்தில் பாட்டி சோற்றில் ரசம் ஊற்றுகிறாள். 'ரசம்' சாய்வெழுத்தில், ஒட்டினாற்போல் 'புளியும் மிளகும் சேர்த்த நீர்த்த சூப்' என்று விளக்கம். அடுத்த வரியில் தோட்டத்து லயத்துக்கும் 'தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு' என்று ஒன்று.

"உங்க பாட்டி ரசத்தை எப்பவாவது சூப்புன்னு சொல்லியிருக்காங்களாம்மா?"

"வெளிநாட்டுப் பதிப்பகங்கள்கிட்ட கொண்டுபோற ஏஜெண்டுக்குப் புரியணுமேக்கா."

அவளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 1970 முதல் இங்கே ஆங்கிலவழிப் பள்ளிகள் படிப்படியாக மலாய்க்கு மாறின. 1971இல் தேசியப் பண்பாட்டுக் கொள்கை வந்தது. மலாயில் எழுதினால்தான் தேசிய இலக்கியம். ஆங்கிலம், சீனம், தமிழ் எல்லாம் ஏதோ ஒரு பிரிவினரின் இலக்கியம். தேசிய இலக்கியவாதி விருதும் மலாய் எழுத்துக்கே. (ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களும் தமிழ்க்காரர்களான நாமும் ஒரே திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறோம். நம்மில் பலருக்கு இது உறைப்பதே இல்லை.)

அந்த நிலையிலும் பெடோங்கில் பிறந்த கே.எஸ். மணியம் 1981இல் 'தி ரிட்டர்ன்' நாவலைக் கொண்டு வந்தார். 2005இல் மலேசிய எழுத்தாளர் டாஷ் ஆவின் முதல் நாவலுக்கு பிரிட்டனின் விட்பிரெட் பரிசு. கோலாலம்பூரில் வழக்கறிஞராக இருந்த டான் துவான் எங், 2012இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில். லண்டன் கதவு திறந்தது நல்லதுதான். ஆனால் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு எழுதிய பிரதிகள்தான் என் மேசைக்கு அதிகம் வருகின்றன.

2011இல் அமீர் முகமது தொடங்கிய ஃபிக்ஸி பதிப்பகத்தின் ஆங்கிலப் பிரிவு, உள்ளூர்ச் சொற்களைச் சாய்வெழுத்தில் போடுவதில்லை என்று அறிவித்தே நூல் போட்டது. மலேசிய வாசகருக்கு அவை அந்நியமில்லையே! பிரீத்தா சமரசனின் 2008 நாவல் 'ஈவினிங் இஸ் தி ஹோல் டே', ஈப்போவில் நடக்கும் கதை. அந்தத் தலைப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? "பகலும் மாலை துணையி லோர்க்கே" — குறுந்தொகை 234, மிளைப்பெருங்கந்தன் பாட்டு, ஏ.கே. ராமானுஜன் மொழிபெயர்ப்பின் வழியே ஈப்போவுக்கு வந்து சேர்ந்தது.

எழுத வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஏஜெண்டு கேட்பாரே என்று பயந்து முதல் பிரதியிலேயே உரை எழுதி வைக்காதீர்கள். கேட்டால் அப்போது எந்தச் சொல்லுக்கு, ஏன் என்று பேசிக்கொள்ளலாம். அதுவரை காட்சியே வேலை செய்யட்டும். பாட்டி ரசத்தைக் கையில் ஊற்ற, பேத்தி உறிஞ்சிப் புரையேறி இருமினால் போதும். மிளகு தானே தெரியும்.

போன வாரம் திருத்திய பிரதி வந்தது. ரசம் நிமிர்ந்து நின்றது. லயத்துக்கு மட்டும் விளக்கத்தை விட்டு வைத்திருந்தாள். ஏனென்று கேட்டேன்.

"நான் ஃபிளாட்டுல பொறந்தவக்கா. பாட்டி சொல்லித்தான் லயம்னா என்னன்னே எனக்குத் தெரியும்."

அந்த வரியில் நான் கை வைக்கவில்லை.